முடி போனால் பழி ஹெல்மெட்டுக்கா?

சென்னையில் எந்த சலூனில் உட்கார்ந்து "முன்பக்கம் கொஞ்சம் கொட்டுதுங்க" என்று சொன்னாலும், கத்தரியை நிறுத்தாமலே ஒரு கேள்வி வரும்: "வண்டி ஓட்டுவீங்களா சார்? ஹெல்மெட்டா?" பியூட்டி பார்லரிலும் இதே கேள்விதான். ஆமாம் என்றால் காரணம் கண்டுபிடித்தாயிற்று; அதன் பிறகு ஸ்பா, சீரம், மூலிகை எண்ணெய் என்று பில் நீளும். வீட்டில் அம்மாவும் அதைத்தான் சொல்கிறார். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரரும் அதைத்தான் சொல்கிறார். ஹெல்மெட் போட்டால் முடி கொட்டும் என்பதற்கு இந்த ஊரில் யாரும் ஆதாரம் கேட்பதில்லை.

ஆதாரம் கேட்க வேண்டும். ஏனென்றால் இது வெறும் அழகுக் குறிப்பாக நின்றுவிடவில்லை. தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்ற வைக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவைத் தொடர்ந்து 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் ஹெல்மெட் கட்டாயமாக அமலுக்கு வந்தது. பின்னால் உட்காருபவரும் போட்டே ஆக வேண்டும் என்று 2022 மே மாதத்தில் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை கறாராகச் சொன்னது. போடாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம். இருந்தும் காலை ஒன்பது மணிக்கு மத்திய கைலாஷ் சிக்னலில் நின்று பாருங்கள். ஹெல்மெட் முழங்கையில் தொங்கும், சைடு மிரரில் தொங்கும், ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் கிடக்கும். தூரத்தில் போலீஸ்காரரின் வெள்ளைச் சட்டை தெரிந்ததும் தலைக்கு ஏறும். சிக்னல் தாண்டியதும் இறங்கிவிடும்.

மத்திய அரசின் சாலை விபத்து அறிக்கைப்படி 2022இல் இந்தியாவில் சாலையில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் ஹெல்மெட் அணியாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள். அத்தனை பேரும் முடிக்குப் பயந்து கழற்றியவர்கள் என்று சொல்லமாட்டேன். வெயில், அவசரம், பக்கத்துத் தெருதானே என்ற அலட்சியம் எல்லாம் இதில் உண்டு. ஆனால் மற்ற காரணங்களைச் சொல்லும்போது ஆட்கள் கொஞ்சமாவது கூச்சப்படுகிறார்கள். முடிக் காரணத்தை மட்டும் தலை நிமிர்ந்து சொல்கிறார்கள், வீட்டார் ஒப்புதலோடு சொல்கிறார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கும் பையனிடம் "கொஞ்ச நாளைக்கு ஹெல்மெட்ட விடுப்பா" என்று பெற்றவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அந்த வாய்ச்சொல்லை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த "தலை மூச்சு விடணும்" என்ற வாதம். முடியின் வேர் காற்றிலிருந்து மூச்சு வாங்குவதில்லை. தோலுக்கு அடியில் இருக்கும் வேர்ப்பைக்கு ஆக்சிஜனும் சத்தும் அங்கே வந்து சேரும் நுண் ரத்தக் குழாய்கள் வழியாகத்தான் கிடைக்கின்றன. நாம் சீவுகிற, பின்னுகிற, வெளியே தெரிகிற முடி உயிரில்லாத கெரட்டின் இழை. அதை மூடி வைத்தாலும் திறந்து வைத்தாலும் வேருக்குப் பட்டினி வராது.

அடுத்தது இடம். உங்கள் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டி, அது எங்கே இறுக்கிப் பிடிக்கிறது என்று கவனியுங்கள். கன்னத்தில், காதுக்கு மேலே, பின்மண்டையில். ஆண்களுக்கு வழுக்கை எங்கே விழுகிறது? நெற்றியின் இரு மூலைகளிலும் உச்சியிலும். ஹெல்மெட்டின் பிடி அதிகமாக விழும் பக்கங்களும் பின்புறமும்தான் அறுபது வயதிலும் முடியோடு இருக்கின்றன. ஹெல்மெட்தான் காரணம் என்றால் வழுக்கையின் வரைபடம் தலைகீழாக இருந்திருக்க வேண்டும். உண்மையான காரணம் டிஎச்டி என்ற ஹார்மோன். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் வரும் மரபணுக்கள், எந்த வேர் அந்த ஹார்மோனுக்கு மசியும் என்பதைத் தீர்மானிக்கின்றன. முன்நெற்றி வேர்களும் உச்சி வேர்களும் மசிகின்றன, பின்மண்டை வேர்கள் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கின்றன. முடி மாற்று அறுவைச் சிகிச்சையில் பின்மண்டையிலிருந்து வேர் எடுத்து முன்னால் நடுவது இதனால்தான். பெண்களுக்குப் பரம்பரை முடி இழப்பு வரும்போது வகிடு அகலமாகும், நெற்றியோரம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஹெல்மெட் விளிம்பு உரசுகிற இடமோ அந்த நெற்றியோரம்.

பிறகு ஏன் இத்தனை பேர் "ஹெல்மெட் போட ஆரம்பிச்ச பிறகுதான்" என்று சத்தியம் செய்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. வயதைப் பாருங்கள். பதினெட்டில் லைசென்ஸ், கல்லூரிக்கு வண்டி, இருபத்திரண்டில் வேலை, தினமும் ஹெல்மெட். பரம்பரை வழுக்கை தலைகாட்டத் தொடங்குவதும் பலருக்கு அதே வயதில்தான். இரண்டும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருவதால் ஒன்று மற்றொன்றைக் கூட்டி வந்தது போலத் தெரிகிறது. பெண்களுக்கு வேறொரு கணக்கு. பிரசவம் ஆகி மூன்று நான்கு மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி உதிர்வது இயல்பு. உடம்பு தேறத் தேற அது அடங்கிவிடும். அம்மா வீட்டிலிருந்து திரும்பி மறுபடி ஸ்கூட்டியை எடுப்பதும் ஏறக்குறைய அந்தச் சமயத்தில்தான். டெங்கு, டைபாய்டு போன்ற கடும் காய்ச்சல் வந்து போனால் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். காய்ச்சல் மறந்துபோயிருக்கும். ஹெல்மெட் கண்ணெதிரே இருக்கும்.

"அப்படின்னா ஹெல்மெட்டுக்குள்ள இவ்வளவு முடி கிடக்கே?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. அந்த முடியைத் தட்டிவிடாமல் ஒன்றை விரலில் எடுத்து, வெளிச்சத்தில் வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறிதாக, வெளுத்த ஒரு குமிழ் தெரிகிறதா? தெரிந்தால் அது தன் ஆயுளை முடித்துக்கொண்ட முடி. ஒவ்வொரு முடியும் இரண்டிலிருந்து ஆறு ஆண்டுகள் வரை வளர்ந்து, பிறகு சுமார் மூன்று மாதம் சும்மா இருந்து, உதிர்ந்து, அதே வேரிலிருந்து புது முடிக்கு இடம் விடும். தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருப்பதால் நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது எல்லோருக்கும் நடப்பதுதான். பழுத்த இலை மாதிரி, தொட்டால் விழத் தயாராக இருக்கும் அந்த முடி ஹெல்மெட் இல்லாவிட்டால் சீப்பில் வந்திருக்கும், தலையணையில் கிடந்திருக்கும், அண்ணா சாலையில் காற்றோடு போயிருக்கும். ஹெல்மெட் அதை ஒரே இடத்தில் சேர்த்து வைத்து நமக்குக் காட்டுகிறது.

குமிழ் இல்லாமல், குட்டையாக, முனை பிசிறடித்து இருந்தால் அது வேறு. அது உடைந்த முடி. அந்த உடைசலில் ஹெல்மெட் போடும் விதத்துக்குப் பங்கு உண்டு, அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. அளவு தவறிய ஹெல்மெட் தலையில் முன்னும் பின்னும் நழுவும்போது இழைகள் அறுபடும். குளித்த ஈரத்தோடு மாட்டினால் இன்னும் மோசம். ஈரத்தில் முடியின் பலம் குறைகிறது, சும்மா இழுத்தாலே நீள்கிறது, பிய்கிறது. உணவு விநியோகம் செய்யும் பிள்ளைகள் போல நாளெல்லாம் மாட்டியிருப்பவர்களுக்கு நெற்றி விளிம்பில் உரசல் அதிகமாகவே இருக்கும். ஆனால் முடியை வேரோடு மெல்ல மெல்லப் பிடுங்குவது இழுத்துக் கட்டும் பழக்கம். சீக்கியர்களில் சிலருக்கு நெற்றியோர முடி பின்வாங்குவதைத் தோல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்; அங்கே காரணமாகச் சொல்லப்படுவது தலைமுடியை இறுக்கி மேலேற்றிக் கட்டும் முடிச்சு. மூடுவது வேரை ஒன்றும் செய்யவில்லை, இழுப்பது செய்கிறது. ஸ்கூட்டரில் போகும் பெண்கள் உச்சியில் இறுக்கிக் குதிரைவால் போட்டு, அதன்மேல் ஹெல்மெட்டை அழுத்தி, மணிக்கணக்கில் அப்படியே வேலை பார்த்துவிட்டு மறுபடி அதன்மேலேயே மாட்டும்போது அந்த இழுவை இரட்டிப்பாகிறது.

வியர்வையும் உண்மை. மே மாதத்தில் பெருங்குடியிலிருந்து கிண்டிக்கு வந்து சேர்வதற்குள் உச்சந்தலை ஊறிப்போகும். நம் எல்லோர் தலையிலும் வாழும் மலஸீசியா என்ற பூஞ்சை தலையின் எண்ணெய்ப் பசையைத் தின்று வளர்வது. புழுக்கமும் பசையும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம், நமக்குப் பொடுகும் அரிப்பும். காலையில் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு ஹெல்மெட் மாட்டுவது அதற்கு இலை போட்டுப் பரிமாறுவதுதான். தேங்காய் எண்ணெயைக் குறை சொல்லவில்லை. தலைக்குக் குளிக்கும் முன் தடவினால் அது இழைக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்று 2003இல் வெளியான இந்திய ஆய்வே காட்டியிருக்கிறது. இரவில் தடவுங்கள், காலையில் அலசுங்கள். ஹெல்மெட்டுக்குள் எண்ணெய்த் தலை வேண்டாம்.

இன்னொரு தரப்புக்கும் இங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. "உயிர் முக்கியமா, முடி முக்கியமா?" என்று அதட்டும் தரப்பு. கேட்பவர்கள் நல்ல எண்ணத்தில்தான் கேட்கிறார்கள். ஆனால் தி. நகர் ஜவுளிக் கடையில் விற்பனைக்கு நிற்கும் பெண், காலையில் படிய வாரிய தலையோடு கவுன்டருக்கு வர வேண்டும் என்பது அவள் வேலையின் நிபந்தனை. வங்கியில், பள்ளியில், விருந்தினர் வரவேற்பில் நிற்பவர்களுக்கும் அப்படித்தான். கலைந்து, நசுங்கி, வியர்வை நாறும் தலையோடு உள்ளே நுழைவது அவர்களுக்கு அவமானம். அந்த அவமானத்தை அற்பம் என்று தள்ளினால் அவர்கள் வாக்குவாதம் செய்யமாட்டார்கள். அடுத்த தெருவில் ஹெல்மெட்டைக் கழற்றிவிடுவார்கள். ஹெல்மெட் மரண அபாயத்தைச் சுமார் 42 விழுக்காடும் தலைக்காயத்தைச் சுமார் 69 விழுக்காடும் குறைக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த 2008ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு சொல்கிறது. அந்தப் பலன் ஹெல்மெட் தலையில் இருந்தால்தான் கிடைக்கும். தலையில் இருக்க வைப்பதற்கு, இறங்கியதும் முடியைச் சரிசெய்யும் பொருட்கள் அடங்கிய ஒரு சின்னப் பை போதும் என்றால், அதைப் பற்றிப் பேசுவதை யாரும் சில்லறை விஷயம் என்று ஒதுக்கக் கூடாது.

அந்தப் பையைப் பற்றியும் ஊரில் தப்பான நம்பிக்கைகள் பரவியிருக்கின்றன. அழகுப் பக்கங்கள் சொல்லும் பட்டியலைப் பார்த்தால் ஒரு பார்லரையே டிக்கிக்குள் அடைக்கச் சொல்வது போல இருக்கும்: ட்ரை ஷாம்பு ஸ்ப்ரே, சீரம், ஹீட் ப்ரொடெக்டன்ட், எண்ணெய் ரோல்-ஆன், ஜெல். பெரும்பாலான பெட்ரோல் ஸ்கூட்டர்களில் டிக்கி எஞ்சினுக்கு மேலே இருக்கிறது. சென்னை வெயிலில் நிறுத்தி வைத்த வண்டியின் டிக்கியைத் திறந்தால் அனல் முகத்தில் அடிக்கும். ஸ்ப்ரே டப்பாக்களின்மேலேயே 50 டிகிரிக்கு மேல் வைக்காதே என்று அச்சிட்டிருக்கிறார்கள். அழுத்தத்தில் அடைத்த, தீப்பற்றும் வாயுவைப் பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில் காயப் போடுவதை அழகுக் குறிப்பு என்று யாரும் சொல்லக் கூடாது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். இங்கே அது பெரும்பாலும் தண்ணீர்தான், ஒழுகும்.

தேவையானவை உள்ளங்கை அளவு ஜிப் பைக்குள் அடங்கும், அதையும் டிக்கியில் விடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளலாம். முதல் பொருள், ஹெல்மெட்டுக்குள் போடும் மெல்லிய பருத்தித் தொப்பி, இரண்டு. ஒன்று தலையில், ஒன்று மாற்றுக்கு. ஹெல்மெட் கடைகளிலேயே கிடைக்கும். இல்லாவிட்டால் பழைய வேட்டித் துணியில் ஒரு சதுரம் வெட்டிக் கட்டிக்கொள்ளலாம், அதைவிட மென்மையான துணி கடையில் கிடைக்காது. வியர்வையை அது வாங்கிக்கொள்ளும், உரசலையும் அதுவே ஏற்கும். துப்பட்டாவை இரண்டு மூன்று சுற்று சுற்றி அதன்மேல் ஹெல்மெட் போடுவது மட்டும் வேண்டாம். துணி வழுக்கினால் ஹெல்மெட்டும் கூடவே வழுக்கும், விழும்போது அது தலையில் நிற்காது.

அப்புறம் அகலப் பல் மரச்சீப்பு. இறங்கியதும் உச்சியிலிருந்து இழுக்காமல் நுனியில் தொடங்கி மேலே ஏறுங்கள். சிக்கு அவிழும், முடி அறுபடாது. துணி சுற்றிய ஸ்க்ரஞ்சி இரண்டு. மெல்லிய ரப்பர் பேண்டைத் தூக்கி எறியுங்கள், கழற்றும்போதெல்லாம் அது முடியைப் பிடுங்குகிறது. வண்டியில் போகும்போது கழுத்துக்குக் கீழே தளர்வான ஒரு பின்னல் போதும். கொண்டையோ க்ளட்ச் கிளிப்போ ஹெல்மெட்டுக்குள் இருந்தால் ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது. விழுந்தால் அந்தக் கெட்டிப் பிளாஸ்டிக் மண்டையில்தான் குத்தும். மல்லிகைச் சரத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துப் போய் இறங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், நசுங்காமலும் இருக்கும்.

ஒரு சின்னப் பருத்தித் துண்டு, பின்கழுத்தையும் நெற்றியோரத்தையும் ஒற்றி எடுக்க. ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. கடைசியாக, விரல் நீள ஸ்ப்ரே பாட்டிலில் வெறும் தண்ணீர். நசுங்கிய முடி நிமிர ஜெல் தேவையில்லை. முடி எந்த வடிவத்தில் படிந்திருக்கிறதோ அதைப் பிடித்து வைப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரம் பட்டதும் அவை அவிழும், காயும்போது நீங்கள் வைத்த வடிவத்தில் மறுபடி கோத்துக்கொள்ளும். விரல் நுனியில் தண்ணீர் தொட்டு வேர்ப்பக்கம் கோதிவிட்டு, இரண்டு நிமிடம் மின்விசிறிக்கு அடியில் நின்றால் போதும். மொத்தச் செலவு, பார்லரில் ஒரு முறை ஸ்பாவுக்குக் கொடுப்பதில் சிறு பங்குகூட ஆகாது.

இந்தப் பையைவிடவும் முக்கியமான ஒன்று வீட்டில் நடக்க வேண்டும், பலர் அதை ஒரு முறைகூடச் செய்ததில்லை. ஹெல்மெட்டின் உள் லைனரைக் கழற்றுங்கள். இப்போது வரும் பல ஹெல்மெட்டுகளில் கன்னப் பஞ்சும் உச்சித் துணியும் ஸ்னாப் பட்டனில் மாட்டியிருக்கும். விரல் நகத்தை உள்ளே விட்டு நெம்பினால் டக் டக்கென்று கழன்று வரும். மாதக்கணக்கில் துவைக்காத லைனரை வெதுவெதுப்பான தண்ணீர் வாளியில் முக்கி ஒரு ஷாம்பு பாக்கெட்டைப் பிரித்து ஊற்றி அமுக்கினால், தண்ணீர் தேநீர் நிறத்துக்குத் திரும்பும். மேலே எண்ணெய் மிதக்கும். பழைய வியர்வையும் ரோட்டுப் புழுதியும் நாற்றமாக எழும்பும். தினமும் இதற்குள்தான் தலையை நுழைத்துக்கொண்டிருந்தோம் என்பதை அந்த வாளியைப் பார்த்தவர் மறக்கமாட்டார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை துவைத்து நிழலில் காயப் போட்டு, நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். லைனர் கழலாத ஹெல்மெட் என்றால் ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறிக்கு எதிரே கவிழ்த்து வையுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளை நுரைதான் அடியைத் தாங்குவது. அதில் பெட்ரோலோ தின்னரோ படவே கூடாது, கரைந்துவிடும்.

புதிதாக வாங்கும்போது புருவத்துக்கு மேலே ஒரு அங்குலத்தில் டேப் சுற்றித் தலையை அளந்து வாங்குங்கள். மாட்டிய பின் ஹெல்மெட்டைப் பிடித்து அசைத்தால் நெற்றித் தோலும் கூடவே அசைய வேண்டும். நழுவினால் பெரிது, வலித்தால் சிறிது. காற்றோட்டம் வேண்டும் என்று பிளாட்பாரத்தில் அரைத்தொப்பி வாங்குபவர்கள் முடியையும் காப்பாற்றவில்லை, மண்டையையும் காப்பாற்றவில்லை. 2021 ஜூன் முதல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விற்பதே குற்றம். பைக் டாக்ஸியில் போகிறவர்கள் அந்தப் பருத்தித் தொப்பியைக் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும். ஊரே மாட்டிய ஹெல்மெட் வழியாகப் பேனும் படர்தாமரையும் தொற்றக்கூடும்.

இந்தப் பொய் நம்பிக்கையின் மேல் எனக்கு இருக்கும் பெரிய கோபம் வேறிடத்தில் இருக்கிறது. அது முடியையே காவு கொடுக்கிறது. பரம்பரை வழுக்கைக்கு மினாக்ஸிடில் போன்ற மருந்துகள் இருக்கின்றன. அவை இருக்கிற முடியைத் தக்கவைப்பதில் வலுவானவை, போன முடியைத் திரும்பக் கொண்டுவருவதில் பலவீனமானவை. எனவே ஆரம்பத்திலேயே மருத்துவரிடம் போக வேண்டும். ஹெல்மெட்டைக் குற்றவாளியாக்கியவர் போவதில்லை. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, எண்ணெயை மாற்றி, ஷாம்புவை மாற்றி இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்கிறார். அதற்குள் நெற்றி ஏறிவிடுகிறது. ரத்தசோகையாலோ தைராய்டு கோளாறாலோ முடி கொட்டும் பெண்ணின் கதை இன்னும் கொடுமை. ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய நோய், "ஹெல்மெட்தான்டி" என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. சோர்வும் மூச்சிரைப்புமாக அவள் வேலைக்கு ஓடிக்கொண்டே இருக்கிறாள். வட்ட வட்டமாக முடி போனாலோ, மூன்று மாதத்துக்கு மேல் உதிர்வு அடங்காவிட்டாலோ, வகிடு அகலமாகிக்கொண்டே போனாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே கட்டணம் இல்லை.

ஊழியர்கள் ஹெல்மெட் போட்டு வந்தால்தான் வாசலுக்குள் விடுவோம் என்று அறிவிப்பு ஒட்டும் நிறுவனங்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த அறிவிப்போடு நிறுத்தாதீர்கள். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, ஒரு மின்விசிறி, ஒரு தண்ணீர்க் குழாய், ஈர ஹெல்மெட்டைக் காற்றில் தொங்கவிட ஒரு வரிசைக் கொக்கிகள் வைத்துக் கொடுங்கள். வருகைப் பதிவுக்கு முன் தலையைச் சரிசெய்ய ஐந்து நிமிடம் கொடுங்கள். ஜவுளிக் கடைக்காரர்கள் முதலில் செய்யட்டும். வாரிய தலையை வேலையின் நிபந்தனையாக வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.